ஐந்து பூட்டுச் சங்கிலி

ஃபுஜைரா மலைக்குள் எங்கள் கல்குவாரிக்கு
ஒரே பாதை, ஒரே கதவு.
பூட்டு மட்டும் ஐந்து.

புதிதாய்ப் பார்க்கிறவன் நினைப்பான்
உள்ளே தங்கம் இருக்கிறதென்று.
இருப்பது ஜல்லி.

மின்சாரக்காரர்களின் வளையத்தில்
தண்ணீர் லாரி குல் ஜமானின் பூட்டு,
அதன் வளையத்தில் வெடிமருந்துக்காரர்களின் சிவப்பு,
அதில் டவர் ஷிஜுவுடையது,
கடைசியில் கிரஷருக்காக என்னுடையது.
இரண்டு முனையிலும் சங்கிலி.
எதைத் திறந்தாலும் கோவை விட்டுக் கதவு நகரும்.
அவரவர் சாவி அவரவருக்குப் போதும்.
இதை யோசித்தவன்
பன்னிரண்டு பேருக்கு ஒரே குளியலறை உள்ள
கேம்ப் அறையில் கொஞ்ச காலம் இருந்திருப்பான்.

என் பூட்டைச் சொல்ல வேண்டும்.
பித்தளை உடம்பு,
சுண்டுவிரல் தடிமனில் எஃகு வளையம்,
ஆகஸ்ட் மதியத்தில் துண்டு சுற்றித்தான் தொட முடியும்.
அடியில் ஒரு துளை, மழைத்தண்ணீர் வடிவதற்காம்.
இங்கே வடிவது மணல்.
உள்ளே ஐந்து ஊசி, ஐந்து சுருள்வில்.
சாவியின் பற்கள் அவற்றை
ஒரே மட்டத்துக்குத் தூக்கினால்தான் உருளை திரும்பும்.
பழுதான ஒன்றை ஒருநாள் பிரித்தேன்,
வில் பாய்ந்து
பக்கத்துக் கட்டில்காரனின் பருப்புக் குழம்பில் விழுந்தது.

இன்னொரு குணம்:
திறந்திருக்கும்வரை சாவியை விடாது.
பூட்டிய பிறகுதான் கையில் தரும்.
மறதிக்காரனுக்கென்றே செய்தது.
ஆனால் எதில் கோத்துப் பூட்டுகிறேன்
என்பது அதற்குத் தெரியாது.

புதன்கிழமை இரவு
கன்வேயர் பெல்ட் வாங்கிக்கொண்டு வந்தேன்.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன்,
போனில் தவமணி.
பையனின் பல்லுக்குக் கம்பி கட்ட வேண்டுமாம்.
"சிரிக்கும்போது கையால மூடிக்கிறான்ங்க."
வளையத்தை மாட்டி அழுத்தினேன். டக்.
சாவி கைக்கு வந்தது.
வந்தால் சரியாகிவிட்டதென்று பொருள்.

பேசிக்கொண்டே கேம்ப்,
பேசிக்கொண்டே சாப்பாடு.
நாற்பதாயிரமா நாற்பத்தைந்தா என்ற இடத்தில்
பதினோரு மணிக்கு லைன் செத்தது.
ஜல்லிக் குவியல்மேல் ஏறி
போனை நிலாவுக்கு நேராகப் பிடித்தேன்.
ஒரு கோடுகூட இல்லை.
டவர் கம்பெனியை
எனக்குத் தெரிந்த நான்கு மொழியிலும் திட்டிவிட்டுத்
தூங்கினேன்.

விடிவதற்கு முன், முதல் டிப்பருக்குக்
கதவு திறக்கப் போனேன்.
வெளியே பிக்கப். அதன்மேல் டீசல் பீப்பாய்.
பம்பரில் குந்தியிருந்தான் ஷிஜு,
கண் சிவந்து.
கையில் அவனுடைய பூட்டு,
திறந்து, சாவி அதிலேயே.

அவன் பூட்டு திறந்துவிட்டது.
கதவு திறக்கவில்லை.

என் வளையம் அவனைத் தாண்டிப் போய்ச்
சிவப்பில் மாட்டியிருந்தது.
கோவைக்கு வெளியே,
பிடிப்பதற்கு எதுவும் இல்லாமல்
இரவு முழுக்கத் தொங்கியிருக்கிறது அவனுடையது.

"டவர்ல டீசல் தீரப்போகுதுன்னு
பத்து மணிக்கே வந்துட்டேன் அண்ணே.
பதினொண்ணு வரைக்கும் உங்க போன் பிஸி.
அப்புறம் தொடர்பு எல்லைக்கு வெளியே."

என்ன சொல்ல.
என் பூட்டைத் திறந்தேன்.
கதவைத் தள்ளிவிட வேண்டும்,
சாவியை உருவினேன், வரவில்லை,
வராதென்று தெரிந்தும் மறுபடி உருவினேன்.
பூட்டும் கையுமாக நான் ஓரத்தில் நிற்க
பிக்கப் என்னைக் கடந்தது.
கண்ணாடியை இறக்கினான்.
"நல்ல பூட்டு அண்ணே. ஆட்டிப் பார்த்தேன், அசையல."
புழுதி.

பிறகு கோத்தேன், மெதுவாக, விரலால் எண்ணி:
அவனுடையது சிவப்பில், என்னுடையது அவனுடையதில்.
இழுத்தும் பார்த்தேன்.

ஆறு பத்துக்குச் சட்டைப்பையில் போன் உதறியது.
ஷிஜுவின் தவறிய அழைப்புகள் முப்பத்தொன்று.
அதற்குக் கீழே தவமணி:
நாற்பத்தைந்தாம்.
பணம்னு சொன்னதும் ஏன் கட் பண்ணீங்க?