திருத்திய மதிப்பீடு

பூஜ்யத்தைத் தட்டச்சு செய்தது நான்தான்.
கணக்குத் தலைப்பு முப்பத்தேழு:
இளைஞர் படிப்பகம், மாலை நேரம்.
போன வருஷம் ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரம்.
இந்த வருஷம் கோடு போட்டால் போதுமா என்று கேட்டேன்.
கோடு வேண்டாம், தணிக்கையில் கேட்பார்கள்,
பூஜ்யமே போடுங்கள் என்றார் செயல் அலுவலர்.
போட்டேன்.
கீபோர்டில் அது ஒன்பதுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

யாரும் சத்தம் போடவில்லை.
பதினைந்து வார்டுக்குப் பதினோரு பேர் வந்திருந்தார்கள்.
போண்டா வந்தபோது
பத்தொன்பது முதல் இருபத்தாறு வரை
தீர்மானங்கள் ஒரே மூச்சில் நிறைவேறின.
சொத்து வரி பாதிதான் வசூல்,
போர்வெல் மோட்டார் இரண்டு புகைந்துவிட்டது,
கரண்ட் பில் பாக்கி,
எல்லாமே நிஜம்.
தண்ணீரா படிப்பகமா என்று கேட்டால்
நானும் தண்ணீர் என்றுதான் சொல்வேன்.
அப்படிக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

படிப்பகம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
பாலக்கோடு ரோட்டில், தக்காளி மண்டியை ஒட்டி
பழைய எடைமேடை ஆபீஸ்.
ஆறு டியூப்லைட், நாலு எரியும்.
இரண்டு தினசரி, ஒரு பொது அறிவு மாத இதழ்,
நூல் போட்டுக் கட்டிய பழைய வினாத்தாள்கள்.
அழுகின தக்காளி வாசனை ஜன்னல் வழியாக வந்து
கூடவே உட்கார்ந்து படிக்கும்.
சாவி சென்றாயனிடம். மாசம் மூவாயிரம்.
ஆறுக்குத் திறப்பார், ஒன்பதுக்குப் பூட்டுவார்.
அந்த மூன்று மணி நேரத்துக்கு
வீட்டில் சொல்ல ஒரு பதில் இருந்தது பூவிழிக்கு.
படிக்கப் போறேன்.
ஒரு பெண்பிள்ளை வாசல் தாண்ட
அதைவிட நல்ல பதில்
எங்கள் ஊரில் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஏப்ரலில் பூட்டு விழுந்தது.
மாதேஷ் விடிகாலை நாலரைக்கு
ஒசூர் கம்பெனி வேன் ஏறுகிறான்.
குரூப் ஃபோர் புத்தகத்தில் அவன் மடித்த பக்கம்
மடித்தபடியே உள்ளே கிடக்கும்.
மற்ற பையன்கள் பஸ் நிழற்குடையில்
போன் வெளிச்சத்தில் ரம்மி ஆடுகிறார்கள்.
நிழற்குடைக்குத் தனித் தலைப்பு உண்டு.
அதில் பெயர்கள் எழுதியிருப்பதால்
யாரும் கை வைக்கவில்லை.
ஆடி கழிந்ததும்
பூவிழியைப் பெண் பார்க்க வருகிறார்களாம்.
இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
ஃபைலில் ஆதாரம் இல்லை.

அவளே வந்து மனு கொடுத்தாள்.
தகவல் உரிமைச் சட்டம், பத்து ரூபாய் ஸ்டாம்பு,
மடிப்பு கலையாத வெள்ளைத் தாள்.
ஒன்று: நிறுத்தியதால் மிச்சமான தொகை எவ்வளவு?
இரண்டு: அது எதற்குச் செலவானது?
மூன்று: மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை
நாங்கள் எங்கே இருக்க வேண்டும் என்று
பேரூராட்சி கருதுகிறது?

முதலுக்குப் பதில் சுலபம்.
இரண்டாவதற்கும் வவுச்சர் இருக்கிறது.
மோட்டாருக்குப் போனது போக மீதியில்
எடைமேடை ஆபீசைச் சுற்றிக் கம்பிவேலி,
அத்துமீறி நுழையாதீர் என்று ஒரு போர்டு.
மூன்றாவதற்கு
கருத்து கேட்பது தகவல் ஆகாது என்று
ஒரு வழக்கமான வரி உண்டு.
நூறு மனுவுக்கு எழுதியிருக்கிறேன்,
கை தானாகவே எழுதும்.
இருபத்தெட்டு நாளாக எழுதவில்லை.

அங்கே இரண்டாவது பெஞ்சில்,
ஜன்னல் ஓரத்தில் படித்துத்தான்
இந்த நாற்காலிக்கு வந்தேன் என்பதை
அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அது தகவல்.
முப்பது நாளில் தந்தாக வேண்டும்.

மணி ஐந்தே முக்கால்.
ஆபீசைப் பூட்டுகிறவள் நான்.
வெளி வராந்தாவில் மனுதாரர்களுக்கு ஒரு பெஞ்ச்,
அதன் மேலே ஒரு டியூப்லைட்.
தலைப்பு பன்னிரண்டு, அலுவலகப் பராமரிப்பு.
அதை வெட்டவில்லை.
நேற்று அணைக்க மறந்துவிட்டேன்.
இன்றும் மறப்பேன்.

நெருக்கி உட்கார்ந்தாலும்
அந்தப் பெஞ்சில் நாலு பேருக்குத்தான் இடம்.