போன திசை

எத்தனை முறை சுரண்டிப் பூசினாலும்
மூக்கோரம் அந்த எண் போகவில்லை.
வெயில் சாய்ந்து விழும்போது
நானூற்றுப் பதினேழு
தோலுக்கடியிலிருந்து எழுந்து வருகிறது.
ரோஸ்டாக் ஏலத்தில் எடுத்தபோது
ஒரு பழைய பேருந்தைவிட மலிவு.

துப்பாக்கி இருந்த பீடத்தில்
இப்போது வலை தூக்கும் கப்பி.
தோட்டாப் பெட்டிக்குள் வெங்காயம், உருளைக்கிழங்கு.
தேடுவிளக்கு மட்டும் அப்படியே;
நல்ல விளக்கு, கழற்ற யாருக்கும் மனமில்லை.
மேசை இழுப்பறையில் அந்தக் காலத்துப் பதிவேடுகள்
எழுதாமல் ஒரு கட்டு கிடந்தன.
தடித்த தாள். கட்டம் போட்டது.
கண்ட நேரம். எண்ணிக்கை. போன திசை.
வீணாக்குவானேன் என்று அதிலேயே எழுதுகிறேன்.

செவ்வாய்: கைவிட்ட செவுள்வலை, முந்நூற்று நாற்பது கிலோ.
உயிரோடு நண்டு நாற்பத்தொன்று.
விலாங்கு ஒன்று, கண்ணியறுத்து விட்டோம்.
நீர்க்காகம் ஒன்று, செத்துப் பல நாள்.
போட்டவன் மறந்த வலை
பிடித்துக்கொண்டே இருக்கிறது அடியில்,
முதலாளி செத்த பின்னும்
வட்டி ஏறும் கடன்போல.

இரவில் வேறு வேலை.
டார்ஸ் முனைக்கு வடக்கே போய்
இயந்திரத்தை நிறுத்து, விளக்கை அணை,
ஒலிவாங்கியைப் பதினெட்டு மீட்டர் இறக்கு.
பால்டிக்கில் மிஞ்சிய கடற்பன்றிகளை
வீப்கே எண்ணுகிறாள்.
இந்தக் கரையிலும் அதற்குப் பன்றி என்றுதான் பெயர்,
மேலே வந்து மூச்சு விடும்போது
உறுமுவதால் இருக்கலாம்.
அதன் சொடுக்கு நம் காதுக்கு எட்டாது.
திரையில் ஒரு பச்சைக் கீறல், அவ்வளவுதான்.

மூன்று இரவும் பதிவு கெட்டது.
ஒழுங்கில்லாமல் ஒரு டங்.
உலோகம். மிகப் பக்கத்தில்.
நங்கூரச் சங்கிலியைப் பார்த்தாள்,
ஏணியைத் துணி சுற்றிக் கட்டினாள்,
என் சாவிக்கொத்தைப் பிடுங்கி வைத்தாள்.
நான்காம் இரவு
சமையலறை இருட்டில் எக்கெஹார்ட்,
காலிக் கோப்பையில் கரண்டியைத் தட்டிக்கொண்டு.

எங்கள் இயந்திரக்காரர். அறுபது வயசு.
எந்தப் பம்பு எந்தக் குளிரில் மக்கர் செய்யும் என்று
தொடாமலே சொல்வார்.
எப்படித் தெரியும் என்று நாங்கள் கேட்டதில்லை.

அவள் கத்தினாள். கத்தி முடிக்கட்டும் என்று இருந்தார்.

"பத்தொன்பது வயசில் இதே படகு.
இயந்திரத்தை நிறுத்து, விளக்கை அணை.
டென்மார்க்குக்கு நீந்துகிறவன்
மூச்சு வாங்குவது கேட்கும்வரை சும்மா நில்.
அலை இல்லாவிட்டால் வெகுதூரம் கேட்கும்.
எங்களில் எனக்குத்தான் காது கூர்மை."

கரண்டியைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார்.

"ஒரு அக்டோபர். இருமல்.
இடப்பக்கம், கொஞ்ச தூரத்தில்.
நான் சொல்லவில்லை.
போய்ச் சேரட்டும் என்றுதான் சொல்லவில்லை.
விடிந்ததும் காற்று மெத்தை மட்டும் மிதந்து வந்தது.
ஒன்று, ஆள் இல்லை, என்று எழுதினோம்."

அதற்குமேல் அவர் பேசவில்லை.
போய்ச் சேர்ந்திருப்பானோ என்று
கேட்க வாயெடுத்தேன்;
வீப்கே என் காலை மிதித்தாள்.

மறுநாள் வார்னெமுண்டேயில்
டீசலுக்கும் ரொட்டிக்கும் ஒதுங்கினோம்.
காய்கறிப் பையோடு ஒரு மரக்கரண்டியும் வாங்கி வந்தாள்.
விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல்
அவர் முன்னால் வைத்தாள்.
"இது திரையில் விழாது. தட்டுங்கள்."

இயந்திரம் நின்றது. விளக்கு அணைந்தது.
கீழிருந்து டொக், டொக் என்று
மரம் பீங்கானைத் தொடும் சத்தம்,
மேல்தளத்தில் நிற்கிறவனுக்கு மட்டும் கேட்கிற அளவு.
இரண்டு ஐம்பதுக்குப் பச்சைக் கீறல்,
அதை ஒட்டியே சின்னதாய் இன்னொன்று.

கட்டத்தை நிரப்பினேன்.
எண்ணிக்கை: இரண்டு, ஒன்று குட்டி.
போன திசை: வடக்கு.