நாற்பதிலிருந்து பின்னோக்கி

வலது முழங்கால் மாற்று. வயது எழுபத்தொன்று.
ஒவ்வாமை: பென்சிலின்.
பெயர்: கோஸ்டர், வல்ட்ரவுட்.
காலை ஆறு நாற்பதுக்குப் பட்டியலைப் படித்தபோது
என் இடது கால் தானாகவே
நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

பிரிலோனில் அப்போது மூன்றே தமிழ்க் குடும்பங்கள்.
ஒன்று நாங்கள்.
மற்ற இரண்டும் எங்களோடு பேசுவதில்லை.
டென்னிஸ் காசுக்காரர் விளையாட்டு என்றார் அப்பா,
இரவு வேலை முடிந்த கண்களோடு.
கோஸ்டர் அவரை வாசலுக்குக் கூட்டிவந்து
கார் டிக்கியைத் திறந்தார்:
மொட்டைப் பந்துகள் எழுபத்திரண்டு,
பிடி கழன்ற மட்டைகள், ஒரு விளக்குமாறு,
கடித்து வைத்த பாதி பன்.
அப்பா வெகுநேரம் அந்த பன்னையே பார்த்தார்.
பிறகு சரி என்றார்.

திங்கள் ஓல்ஸ்பெர்க், செவ்வாய் பிரிலோன்,
புதன் மார்ஸ்பெர்க், வியாழன் மெஷேடே.
நாற்பத்தாறு வருடமாக இதே சுற்று.
அவரிடம் பழகியவர்களில் ஒருவர்கூட
தொலைக்காட்சியில் வந்ததில்லை.
இல்லை, ஒருவன் வந்தான்:
வெள்ளத்திலிருந்து மாட்டை இழுத்த
தீயணைப்புக்காரனாக, பதினொரு நொடி.

செங்கல் பொடித் தளத்தில்
பந்து விழுந்த இடம் பிறையாகப் பதியும்.
பன்னிரண்டு வயதில், வார்ஸ்டைனில், காலிறுதியில்
கோட்டுக்கு உள்ளே விழுந்த பந்தை
வெளியே என்று கை நீட்டினேன்.
எதிராளி, மெர்லெ, அடையாளம் பார்க்க
வலையைச் சுற்றி வரக் கிளம்பினாள்.
அவள் வந்து சேர்வதற்குள்
இடது காலால் பிறையைத் தேய்த்துவிட்டேன்.
பிள்ளைகள் ஆட்டத்துக்கு நடுவர் ஏது?
கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் கோஸ்டர்
ஆப்பிள் தின்றுகொண்டிருந்தார்.

ஜெயித்தேன்.

திரும்பும் வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்.
உருளைக்கிழங்குப் பொரியல், கூடுதல் மயோனைஸ்.
காரில் சாய்ந்தபடி இருவரும் தின்றோம்.
"உன் இடது சப்பாத்து மட்டும் ரொம்பச் சிவப்பு" என்றார்.
விரலில் இருந்த உப்பைச் சப்பினார்.
அவ்வளவுதான்.
அடுத்த செவ்வாய், வழக்கம்போல சர்வீஸ்.
பத்தொன்பது வருடமாக
அந்தச் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

தள்ளுகட்டிலில் வந்தார்.
ஆள் சிறுத்திருந்தார்; மணிக்கட்டு மட்டும் அப்படியே.
முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்தே
"முட்டி மடக்காத தர்சிகா" என்றார்.
"கெட்டிக்காரி. மடக்கிய என்னைப் பார்."
பிறகு விளிம்பில் தலையைச் சாய்த்து
கீழே, என் வெள்ளைச் செருப்புகளைப் பார்த்தார்.
இடது. வலது. மறுபடி இடது.

ஊசி கையில் இருக்கும்போது பேசக்கூடாததைப் பேசினேன்:
"அன்றைக்கு அது உள்ளே விழுந்த பந்து."

"தெரியும். மெர்லெக்கும் தெரியும்.
அவள் என் புதன்கிழமைப் பிள்ளை.
அவளுக்கும் பொரியல் வாங்கிக் கொடுத்தேன்.
அவள் தின்னவில்லை."

அறுவை மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
மருந்தை ஏற்றினேன்.
பின்னோக்கி எண்ணுங்கள் என்றேன்.
"எதிலிருந்து?"
உங்கள் இஷ்டம்.
"நாற்பது," என்றார். "முப்பது.
பதினைந்து..."
பூச்சியத்துக்கு உதடு குவிந்தது.
அதற்குள் மூச்சு என் கைக்கு வந்துவிட்டது.

மாலை, அவருடைய பழைய பஸாட்டில் ஏறினேன்.
வியாழனுக்குள் பந்துகள் மெஷேடே போய்ச் சேர வேண்டுமாம்,
சாவியை உறைக்குள் போட்டுத் தந்திருந்தார்.
இருக்கை ஸ்டீயரிங்கோடு ஒட்டிக் கிடந்தது.
முதல் வளைவிலேயே
எழுபத்திரண்டும் பின்னால் உருண்டன.
ஒன்று எப்படியோ முன்னால் வந்து
பிரேக்குக்கு அடியில் நின்றது.
ஓரம் கட்டி, குனிந்து எடுத்தேன்.
விரலெல்லாம் செங்கல்.

நிமிர்ந்தால் பெயர்ப்பலகை.
மெஷேடே இடப்பக்கம்.
மார்ஸ்பெர்க் வலப்பக்கம்.
இன்றைக்குப் புதன்.
இண்டிகேட்டர் எந்தப் பக்கம் என்று தெரியாமல்
துடித்துக்கொண்டிருக்கிறது என் கை,
பின்னால் யாரோ ஹாரன் அடிக்கிறார்கள்.