மாதிரிக் கையொப்பம்

ஷட்டர் பாதி இறங்கிய பிறகு
குனிந்து உள்ளே வந்தார் செய்யது காசிம்.
கீழக்கரைத் தொதல் டப்பா ஒன்று.
அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் பந்து.

"கிரிக்கெட் பந்து இல்ல மேடம், பேஸ்பால்.
வாப்பா தம்மாம் எண்ணெய் முகாமுல சமையல்.
அமெரிக்காவுலேர்ந்து பெரிய டீம் ஒண்ணு வந்துச்சாம்.
சோறு பிடிச்சுப்போயி
எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களாம்."

எல்லாரும் என்றால் பதினொரு பேர். எண்ணினேன்.
அந்த ஆட்டம் எனக்குத் தெரியாது.
இருபத்து மூன்று வருடம்
காசோலைக் கையொப்பம் பார்த்தவளுக்கு
யார் போட்டது என்பது இரண்டாம் கேள்வி.
கை எங்கே தயங்கியது என்பதே முதல்.

கள்ளநோட்டு விளக்கின் ஊதா வெளிச்சத்தில்
பந்தை உருட்டினேன்.
புது நூலென்றால் சலவைச் சட்டைபோல் நீலமாய் எரியும்.
எரியவில்லை.
சரி, பந்து கிழடு.
பந்து கிழடு என்பதால்
மை கிழடாகிவிடாது.

மேலே தேன் நிறத்தில் ஒரு பூச்சு. மோந்து பார்த்தேன்.
"வல்லத்துக்கு அடிக்கிற வார்னிஷ், மேடம்.
உப்புக்காத்து தின்னுடும்னு வாப்பாதான் பூசுனாங்க."
பந்தைக் காப்பாற்றியது அது.
பாதி விலையைக் குடித்ததும் அதுதான்.

பூதக்கண்ணாடிக்குக் கீழே
ஆறு பெயர்களில் மை தோலுக்குள் வேர்விட்டிருந்தது.
ஒன்று அவசரம், ஒன்று அலட்சியம்,
ஒன்று பாதியில் யாரோ கூப்பிட்டுத் திரும்பிய மாதிரி.
மற்ற ஐந்தும் பால்பாயிண்ட் உழுத பள்ளம்.
ஒரே சாய்வு. ஆங்கில 'டி'யின் தலைக்கோடு
ஐந்திலும் ஒரே நீளம்.
மெய்யான கை தன்னையே நகலெடுக்காது.
அவ்வளவு ஒழுங்கு
பொய்க்குத்தான் தேவைப்படும்.

அமெரிக்காவுக்கு அனுப்பிச் சான்று வாங்க
முப்பத்தெட்டாயிரம் கேட்கிறானாம் ஏஜென்ட்.
பொய்யென்று வந்தாலும் பணம் திரும்பாது.
படகு இன்ஜின் தவணை ஆறு பாக்கி,
அது எங்கள் கிளையில்தான்.

"அப்ப பொய்யா மேடம்?"

நாக்கு நுனியில் நின்றது பழகிய வாக்கியம்:
கையொப்பம் பொருந்தவில்லை.

தொண்ணூற்றேழு ஆடியில்
களிமங்குண்டு முத்திருளாயிக்கு
சிவப்பு மையில் அதைத்தான் எழுதினேன்.
கடலுக்குள் பாசி எடுக்கிறவள்.
பாறை கிழித்த விரல்களில் துணி சுற்றியிருந்தாள்.
அட்டையில் இருந்தது
அறிவொளி வகுப்பில் கற்ற குண்டு எழுத்து.
சீட்டில் 'ளா' உடைந்து கிடந்தது,
'ரு' வரிக்குக் கீழே விழுந்திருந்தது.
இன்னொரு தடவை போடச் சொன்னேன்.
இன்னும் மோசமாக வந்தது.
பெருவிரல் வைக்கிறேன் என்றாள், ரேகை இல்லை.
நாலாயிரம் ரூபாய், அவளுடையது.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
சீட்டில் அதற்கு இடமில்லை.

"ஆறு மெய்யாக இருக்கலாம்" என்றேன்.
"ஐந்து யாரோ பிறகு எழுதியது. அனுப்ப வேண்டாம்.
ஐந்து பொய் சேர்ந்தால்
ஆறையும் நம்ப மாட்டார்கள்."

கண்ணாடியை வாங்கிப் பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
காது மடல் சிவந்தது.

"ஆறாப்புப் படிக்கிறப்ப, மேடம்...
டீம்னா பதினோரு பேருதானேன்னு
நாந்தான்...
வாப்பா அடிக்கக்கூட இல்ல.
வார்னிஷ் வாங்கியாரச் சொன்னாங்க."

சிரித்தோமா என்று நினைவில்லை.
பந்தைப் பஞ்சுக்குள் வைத்து
டப்பா மூடியை இரண்டு முறை அழுத்தினார்.
அந்த ஆறு பேர் யார் என்று
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் போன பிறகுதான் பார்த்தேன்,
விளக்கை அணைக்கவில்லை.
மேசையில் கிடந்த என் முந்தானை
நீலமாய் எரிந்துகொண்டிருந்தது.