மஞ்சள் அட்டை

விருந்துக்கும் மருந்துக்கும் மூன்று நாள்.
காட்டுக்குக் கை கொஞ்சம் தாராளம்:
பதினான்கு.

டிரெய்லர் ஜன்னலில் மஞ்சள் அட்டையை
நான்தான் ஒட்டினேன்,
செப்டம்பர் மூன்று என்று தேதி போட்டு.
சக்கரத்தில் சாக்பீஸ் கோடும் இழுத்தேன்.
அன்றிரவு மழை. கோடு போயிற்று.
அட்டை போகவில்லை.

டெல்ஃபின் ஆர்ச்சுலேட்டா.
கீழே ஊர் ஆஸ்பத்திரியில் இரவெல்லாம்
பிறர் படுத்த விரிப்புகளை வெளுக்கிறாள்.
தான் படுக்கப் பகலில்
இந்த ஆஸ்பென் மரங்களுக்குள் வருகிறாள்.
ஊரில் ஓர் அறையின் வாடகை
அவள் சம்பளத்தைவிட நாற்பது டாலர் அதிகம்.
அவளாகச் சொல்லவில்லை.
அடுப்பு மூட்ட வைத்திருந்த விளம்பரத் தாளில்
பேனாவால் கழித்துப் பார்த்திருந்தாள்,
இரண்டு முறை.

விதிகளில் அவளிடம் குறை காண முடியாது.
ஓடையிலிருந்து இருநூறு அடி தள்ளி:
எட்டு வைத்து எண்ணினேன், கூடுதலாகவே இருந்தது.
நெருப்பு, முன்பே கிடந்த கல்வட்டத்தில்.
சாம்பலில் புறங்கையை வைத்தேன்,
ஓடைக் கல்லாய்க் குளிர்ந்திருந்தது.
மலக்குழி ஆறங்குல ஆழம் வேண்டும்.
அதை நான் அளக்கவில்லை.

போன வாரம் டென்வரிலிருந்து ஒரு கூட்டம்,
கரையை ஒட்டியே, இரண்டே இரவு.
பீர் டப்பாக்கள், ஒரு டயப்பர்,
பாதி எரிந்த மடக்கு நாற்காலி.
நாள் கணக்கில் அவர்கள் சுத்தம்.

பதினான்காம் நாள் மாலை போனேன்.
நான் வாய் திறப்பதற்குள்
"தெரியும்" என்றாள்.
"பிக்கப் பேட்டரி நேற்றுச் செத்துவிட்டது."

நோட்டீஸ் புத்தகத்தை எடுத்தேன்.
ஒரு பேனாவைத் தேட
எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று
கையேட்டில் இல்லை.

எனக்கும் வேலை அக்டோபர் முடியத்தான்.
குழாய்கள் உறையுமுன் நீரை வடித்து
துறைக் குடிலின் சாவியைத் தந்தாக வேண்டும்.
இதை அவளிடம் சொல்லவில்லை.
சொன்னால் ஆறுதல் போல் ஒலிக்கும்.

கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் வேறு துறை.
வேறு பதினான்கு நாள்.
அதே புல், அதே எல்க் மான் புழுக்கை.
அந்த மான்களுக்கு
இரு பக்கமும் யாரும் அட்டை ஒட்டியதில்லை.

என் வண்டியிலிருந்து கேபிள் கொடுத்தேன்.
பிக்கப் இருமியது, பிடித்தது.
மாடு தாண்டாதிருக்கத் தரையில் பதித்த
இரும்புக் குழாய்கள் மேல்
டிரெய்லர் தடதடத்துக் கடந்தபோது
உள்ளே தட்டுகளெல்லாம் ஒரேயடியாகப் பேசின.

நானூறு கஜம் இருக்கும்.
இன்ஜினை அணைக்காமல் கண்ணாடியை இறக்கி
"இன்று ஒன்றா, பூஜ்யமா?" என்றாள்.
அந்தத் துறையின் விதி எனக்குத் தெரியாது என்றேன்.
தெரியும்.

திரும்பி வந்து,
நீள்சதுரமாய் வெளுத்த புல்லின் மேல் நின்று
படிவத்தை நிரப்பினேன்:
இடம் காலி. குப்பை இல்லை.

பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.