வெள்ளிச் சுனாமி

ஆங்கில மூலம் வெள்ளிக்கிழமை மாலை வந்தது.
நான்கு பக்கம். திங்கள் காலை ஒன்பதுக்குள் வேண்டுமாம்.
தலைப்பிலேயே நின்றுவிட்டேன்:
சில்வர் சுனாமி.
நரைத்தவர்கள் அலை அலையாக வருகிறார்கள்,
தீவு தயாராக வேண்டும்.

எங்கிருந்து வருகிறார்கள்?
இங்கேதானே இருந்தார்கள்,
இந்த மின்தூக்கிகளில், இந்தக் கோப்பிக் கடைகளில்,
தட்டைத் திருப்பி வைக்கும் வரிசையில்
எனக்கு முன்னால்.

அகராதியைத் திறந்தேன்.
ஜப்பானிய மீனவர் வாயில் பிறந்த சொல்.
சு, துறைமுகம். நாமி, அலை.
ஆழத்தில் வலை போட்டவனுக்கு ஒன்றும் தெரியாது,
படகின் அடியில் ஒன்றரை முழ உயரத்தில்
நழுவிப் போய்விடும்.
அவன் திரும்பி வரும்போதுதான்
துறை இருக்காது.

ஆங்கிலம் அதை வாங்கி
முன்னால் ஒரு டி-யை நிறுத்தி வைத்தது,
உச்சரிக்க அல்ல, காவலுக்கு.
தமிழ் அந்த டி-யைச் சுங்கத்திலேயே கழற்றிவிட்டது.

நம்மிடம் கடல்கோள் இருந்தது.
உரையாசிரியர்களின் பக்கங்களில்
ஊர்களை விழுங்கிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.
ஆழிப்பேரலை என்றும் ஒன்று உண்டு,
செய்தி வாசிக்கக் கம்பீரமான சொல்.
அழுகிறவர் வாயில் மட்டும் அது நுழையவில்லை.
நாகப்பட்டினத்தில் பறிகொடுத்தவர்கள்
சுனாமி என்றுதான் சொன்னார்கள்,
தெரிந்தவன் பெயரைச் சொல்வதுபோல.

அந்த டிசம்பரில் சுமத்ரா குறுக்கே படுத்து
எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.
ஈஸ்ட் கோஸ்ட் மணலில்
யாரோ கழற்றிப் போட்ட செருப்புகூட நகரவில்லை.
எங்களுக்கு அது சொல்லாகத்தான் வந்தது.
அதனால்தானோ என்னவோ
இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கிறோம்:
மின்னஞ்சல் சுனாமி, தள்ளுபடிச் சுனாமி,
டுரியான் விலை இறங்கினால் அதற்கும் ஒரு சுனாமி.

இதில் வெள்ளி வேறு.
இங்கே வெள்ளி என்றால் காசு.
பத்து வெள்ளி, இருபது வெள்ளி.
வெள்ளிச் சுனாமி என்று போட்டால்
நாலு நம்பரில் முதல் பரிசு அடித்துவிட்டதென்று
பாதிப் பேர் நினைப்பார்கள்.
சிரித்துக்கொண்டேதான் தட்டச்சு செய்தேன்.
அனுப்பியும் விட்டேன்.

புதன்கிழமை காக்கி புக்கிட் அச்சகத்திலிருந்து அழைப்பு.
இயந்திரம் ஓட்டுகிற வேதரத்தினம்.
அந்தத் தளத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்;
போன முறை தலைகீழாகப் போன ஒரு பக்கத்தைப்
பிடித்து நிறுத்தியதும் அவன்தான்.

“அக்கா, மேட்டர் ஒரு சந்தேகம்.”
பின்னால் இயந்திரம் நின்றிருந்தது, கேட்டது எனக்கு.
“இதுல வர்றவங்க எல்லாரும்
உசுரோடதானே இருக்காங்க?”
ஆமாம் என்றேன்.
“அப்ப ஏன் இந்தப் பேரு வச்சிருக்காங்க?”

அவன் ஊர் அக்கரைப்பேட்டை.
அதை அவன் அன்று சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
விசா படிவம் ஒன்றுக்காக எப்போதோ
மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன்:
தாய் என்ற கட்டத்தில் ஒரு கோடு,
தங்கை என்ற கட்டத்தில் ஒரு கோடு.

“அரை மணி நேரம் நிறுத்தி வைக்கமுடியுமா?”
“நிறுத்திட்டுதான் பேசுறேன்.”

மாற்றி எழுதினேன்:
நம்மிடையே மூத்தோர் எண்ணிக்கை கூடுகிறது.
அலை இல்லை, உலோகம் இல்லை,
பள்ளிக்கூடக் கட்டுரையின் முதல் வரி மாதிரி.
அடிக்குறிப்பைக் கடைசியாகத்தான் பார்த்தேன்:
அறுபத்தைந்தும் அதற்கு மேலும்.
மார்ச்சில் எனக்கு அறுபத்தைந்து.
படகின் அடியில் போனது போலத்தான்,
ஒன்றும் தெரியவில்லை.

மாலையில் பிடோக் படகுத்துறையில் நின்றபோது
வாடிக்கையாளரின் பதில் வந்தது.
தலைப்பு தட்டையாக இருக்கிறதாம்,
கொஞ்சம் வீச்சு வேண்டுமாம்.

தூண்டில்காரர் ஒருவர் இறால் கோத்துக்கொண்டிருந்தார்.
நங்கூரமிட்ட கப்பல்களில் விளக்கேற்றத் தொடங்கியிருந்தார்கள்.
கடலைப் பார்த்தேன், கைப்பேசியைப் பார்த்தேன்.
ஆமாம், தட்டையாகத்தான் இருக்கிறது
என்று பதில் போட்டேன்.
அப்படியே இருக்கட்டும்.