உத்தேசக் கணக்கு

மூடிக்கிடக்கும் தச்சுப்பட்டறை, குதைபியா,
சலவைக்கடைக்குப் பின்சந்து, மாடி.
வாடகை நானூற்றெண்பது தினார்.
பேசினால் நானூற்றெழுபதுக்கு வரும் என்கிறான் தரகன்.
நான் எழுதியது நானூற்றெண்பது.
நடக்காத பேரத்தை ஏட்டில் ஏற்றக்கூடாது.

இசை மன்றம் என்று பெயர் வைத்தது காஜா மைதீன்.
விடியலில் ரொட்டி வண்டி, இரவில் கீபோர்டு.
அருளப்பன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன்.
அறையில் ஆறு பேர் தூங்குவதால்
அவனுடைய டிரம்ஸ் ஸ்டாண்டில்
ஒன்பது மாதமாகத் துண்டு காய்கிறது.
எனக்கு வாசிக்கத் தெரியாது, பாடவும் வராது.
கூட்டத் தெரியும்.
அதற்காகக் கூப்பிட்டார்கள்.

உரிமத்துக்கும் கையெழுத்துப் போடுகிறவருக்கும் மாதம் நூற்றைம்பது.
மின்சாரம் தொண்ணூற்றைந்து, அதுவும் சராசரி;
ஆகஸ்டைத் தனியாகப் பார்த்தால்
இந்த ஊரில் எவனும் கடை திறக்கமாட்டான்.
ஸ்பீக்கர் தவணை நூற்றுப்பத்து.
துடைக்க வருகிறவருக்கு நாற்பது.
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டலாம் மேடம்,
சத்தம் தாண்டாது, பேக்கரியில் சும்மா கிடக்கிறது
என்றான் காஜா.
'முட்டை அட்டை' என்று ஒரு வரி திறந்து
எதிரே ஒரு முட்டையே போட்டேன்.

செலவு எண்ணூற்றெழுபத்தைந்து.

இனி தலைகள்.
வியாழனும் வெள்ளியும், மாதம் எட்டு இரவு,
ஆளுக்கு ஒரு தினார், அறுபது ஆள்.
அறுபது வருமா?
சிட்ரா முகாமின் பேருந்து ஒன்பதரைக்குக் கிளம்பிவிடும்.
எட்டரைக்கு ஆரம்பித்தால்
சுருதி சேர்ப்பதற்குள் பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள்.
"பாட்டு போன்லயே இருக்கேக்கா" என்றான்
நான் விசாரித்த டைல்ஸ் ஒட்டும் பையன்,
அப்போதும் ஒரு காதில் கேட்டுக்கொண்டு.
மற்றக் காது மேஸ்திரிக்கு.

ஆனாலும் அறுபது என்றே எழுதினேன்.
ஆக நானூற்றெண்பது.
தேநீர் சமோசாவில் நிற்பது எழுபத்திரண்டு.
வாரநாளில் ஒத்திகைக்கு அறை விட்டால் எண்பது.
நோன்பு மாதத்தில் வரவு கிடையாது,
வாடகைக்கு நோன்பு கிடையாது;
அதைத் தனித்தாளில் எழுதி மடித்து வைத்தேன்.

துண்டு விழுவது இருநூற்று நாற்பத்து மூன்று.
மூன்று பேருக்குப் பிரித்தால் எண்பத்தொன்று,
மீதமே இல்லை.
இவ்வளவு ஒழுங்காக வகுபடும் நட்டத்தை
இருபது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை அளவுநாடாவோடு போனோம்.
அருளப்பன் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினான்.
சத்தம் மூலைக்குப் போய்
யோசித்துத் திரும்பி வந்தது.
உத்தரத்திலிருந்து மரத்தூள் உதிர்ந்தது.
காஜா பழைய ஏசியைப் போட்டுவிட்டு
அதன் வயிற்றில் காதை வைத்தான்.
"ரெண்டரைக் கட்டை" என்றான், "கொஞ்சம் இறக்கம்."
கீழே தையற்காரர் அடிக்கோலால்
மேல்தளத்தை இரண்டு தட்டு தட்டினார்.
அருளப்பன் காலால் இரண்டு திருப்பித் தட்டினான்.
மூன்றாவது தட்டுக்காக
நாங்கள் மூவரும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றோம்.
வரவில்லை.

அன்றிரவு குழுவில் எழுதினேன்: தேறாது.
காஜா ஒரு கட்டைவிரல் அனுப்பினான்.
நள்ளிரவு தாண்டி அருளப்பன் கேட்டான்:
எண்பத்தொன்று மொத்தமா, தலைக்கா?
தலைக்கு.
எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது.
நின்றது. மறுபடி காட்டியது. நின்றது.
வீட்டுக்கு அவன் அனுப்புவதில் பாதி அது,
எனக்குத் தெரியும், அனுப்பும் படிவத்தை நிரப்புவதே நான்தான்.

நான் மாதம் எண்பது தினார் சீட்டு கட்டுகிறேன்.
எதற்கு என்று கேட்டால்
இருக்கட்டுமே என்று சொல்வேன்.
யாரும் கேட்டதில்லை.
இருக்கட்டுமே என்பது வரவா, செலவா,
எந்தப் பக்கம் எழுதுவது என்று
கோப்பைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன்.

காலையில் தரகனைக் கூப்பிட்டேன்.
நானூற்று அறுபதுக்கு முடியுமா என்றேன்.
யாருக்கு மேடம், கடைக்கா?
தெரியாது, என்றேன். நீ முதலில் விலையைச் சொல்.